தண்டு வலிக்க வந்த பிள்ளைகள்

"தண்டு வலிக்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்று என் அத்தான் கேட்டார். மகள் ஹைஸ்கூல் படகோட்டக் கழகத்தில் சேர்வதற்கான படிவத்தைக் கையெழுத்துக்காக மேசையில் வைத்திருந்தாள். அக்காவின் கதை வேறு: "அது பணக்கார வெள்ளையளின்ர விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது." ஒருவருக்கு அது கீழான வேலை, மற்றவருக்கு எட்டாத உயரம்! இரண்டு பேச்சுக்கும் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது. அதைத்தான் மலர் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கையில் பிடித்துத் தள்ளுவது துடுப்பு. வள்ளத்தில் பொருத்தி இழுப்பது தண்டு. இந்தப் பள்ளிக்கூடப் படகுகளில் இருப்பது தண்டுதான். அத்தான் சொன்ன சொல் சரியான சொல்.

லண்டன் தேம்ஸ் நதியில் கூலிக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய படகுக்காரர்களே இதன் முதல் வீரர்கள். அவர்களில் தொழில் பழகி முடித்த இளைஞர்களுக்காக 1715இல் தொடங்கிய டொகெற் பந்தயம் இன்றும் நடக்கிறது. பிறகுதான் சீமான் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் முதன்முதலில் மோதியது 1829இல். ஹென்லி என்ற ஊரில் போட்டி விழா தொடங்கியது 1839இல். 1879இல் அந்த ஹென்லி நிர்வாகிகள் ஒரு விதி எழுதினார்கள்: கூலிக்குக் கைத்தொழில் செய்தவன், மெக்கானிக், கூலியாள் எவனும் அங்கே போட்டியிட முடியாது. படகோட்டி பிழைத்தவனின் விளையாட்டை எடுத்து, அவனையே வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே தேம்ஸில் ஒரு சம்பவம். நெட் ஹன்லன் ரொறன்ரோவில் பிறந்தவர், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஒரு மீனவரின் மகன். ரொறன்ரோத் தீவில் வளர்ந்தவர். பணப்பந்தயத்தில் ஓட்டும் தொழில்முறை வீரர் என்பதால் ஹென்லிக் கதவு அவருக்குத் திறக்காது. ஆனால் 1880 நவம்பரில் அதே நதியில், தன்னைவிட மிக உயரமான அவுஸ்திரேலியர் எட்வேர்ட் றிக்கெற்றை வென்று உலகச் சாம்பியனானார். முன்னும் பின்னும் நகரும் இருக்கையை அவரைப்போலப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. கோடையில் பெரியில் ஏறி நாங்கள் இறங்குகிற ஹன்லன்ஸ் பொயின்ற் அவர் குடும்பத்தின் பெயர்தான்.

இன்னொருவர் பிலடெல்பியாவில் செங்கல் அடுக்கிய ஜோன் கெலி. அவரும் ஐரிஷ் குடியேறிகளின் மகன். 1920இல் ஹென்லி அவரின் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. அவரின் கழகத்தோடு பழைய பிணக்கு ஒன்றும் இருந்தது. கைத்தொழிலாளி என்ற காரணமும் சேர்ந்துகொண்டது. சில வாரங்களில் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில், அந்த ஆண்டு ஹென்லியில் வென்ற பிரித்தானியர் பெரஸ்போர்ட்டை ஒரு செக்கனால் முந்தித் தங்கம் வாங்கினார் கெலி. விதி நீங்கியது 1937இல். 1947இல் கெலியின் மகன் அதே ஹென்லிக் கோப்பையை வென்றார்.

வெள்ளைக்காரனின் இந்த விதியை வாசித்துவிட்டு நாங்கள் கோபப்படலாம். ஆனால் எங்கட ஊர்க் கரையில் தண்டு வலித்தவனை நாங்கள் எந்தத் திண்ணையில் இருக்கவிட்டோம்? ஹென்லிக்காரன் எழுதி வைத்தான், நாங்கள் எழுதாமலே வைத்திருந்தோம். அத்தானின் கேள்விக்குள் இருப்பது அதுதான் என்று அவரிடமே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. படிவத்தை எடுத்து இரண்டாம் முறை வாசித்தார்.

கனடாவில் உயர்பள்ளிகளின் தேசியப் போட்டி 1946இல் தொடங்கியது. நடக்கும் இடம் ஒன்ராறியோவின் சென். கத்தரின்ஸ், பழைய வெல்லண்ட் கால்வாயில் அமைந்த மார்ட்டின்டேல் குளம். உலகச் சாம்பியன் போட்டிகளும் 1970, 1999, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்தன. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1976இல், எங்கள் மொன்றியலில்!

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: முதலில் நீச்சல் தெரியவேண்டும். பயிற்சி விடியற்காலையில், ஏனென்றால் அப்போதுதான் தண்ணீர் அலையடங்கிக் கிடக்கும். கொண்டுபோய் விடுவது உங்கள் வேலை. கட்டணம் கூடத்தான், உதவி உண்டா என்று பயிற்றுநரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளை சிறிய உடம்பு என்று யோசிக்கவும் வேண்டாம். எட்டுப் பேர் முதுகைக் காட்டி வலிக்கிற படகில், முன்னுக்குப் பார்த்துக்கொண்டு சுக்கான் பிடித்துக் கட்டளை போடுகிறவருக்குப் பாரம் குறைவாக இருப்பதுதான் நல்லது. எங்கள் மருமகளுக்குக் கிடைத்திருப்பது அந்த இடம்தான்.