சிகிச்சையற்ற நோயறிதலா? கோப்பித் துரு நோயும் மார்ஷல் வார்டின் அறிக்கைகளும்

இலங்கையின் கோப்பித் துரு நோயைப் பற்றிய எழுத்துகளில் ஒரு முடிவு நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய ஹாரி மார்ஷல் வார்ட் நோயின் காரணத்தைத் துலக்கினார் என்றும், தோட்டங்களுக்கு உதவும் சிகிச்சை எதையும் அவர் தரவில்லை என்றும் அது கூறும். இம்முடிவு வார்டின் அறிக்கைகளைக் கோப்பிக்கு நேர்ந்த கதியைக் கொண்டு அளக்கிறது. அவற்றின் வாதத்தைக் கொண்டு அளந்தால், சிகிச்சைக்குரிய விதி நோயறிதலுக்குள்ளேயே அடங்கியிருந்தது புலப்படும்.

1869இல் மடூல்சீமையில் முதலில் காணப்பட்ட இந்நோயின் மாதிரிகளைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் துவெய்ட்ஸ் அனுப்பிவைக்க, அவற்றிலிருந்த பங்கசுக்கு ஆங்கிலப் பங்கசு ஆய்வாளர் பெர்க்லி அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். ஆயினும், மண் வளம் குன்றியதாலேயே செடி நலிகிறது, பங்கசு அதன் பின்விளைவு மட்டுமே என்ற கருத்து தோட்டக்காரரிடையே வலுவாக இருந்தது. வார்ட் கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைக் கோப்பித் தோட்டங்களில் வைத்து, காற்றில் பரவும் வித்திகளை, அதாவது பங்கசு இனம்பெருகும் நுண்ணிய தூள்களை, அவற்றில் பிடித்தார். நீர்த்துளியில் முளைக்கும் வித்தி, இலையின் அடிப்பக்கத்திலுள்ள இலைவாய் எனும் நுண்துளை வழியே உள்நுழைகிறது என்பதையும், செம்மஞ்சள் புள்ளி அதற்குச் சில வாரங்கள் கழித்தே தோன்றுகிறது என்பதையும் அவர் நிறுவினார்.

இந்தக் கால ஒழுங்கே அறிக்கைகளின் மையம். இன்று கண்ணுக்குத் தெரியும் புள்ளி சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்த தொற்றின் விளைவாயின், புள்ளி விழுந்த பின் தூவப்படும் கந்தகமும் சுண்ணாம்பும் இலைத் திசுவினுள் படர்ந்துவிட்ட பங்கசு இழைகளை எட்டமாட்டா. வித்தி முளைப்பதற்கு முன்பே இலைமீது மருந்து இருந்தாக வேண்டும். அறிக்கைகளில் நம்பிக்கை குன்றிய தொனி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தொனி, 1878இல் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டி, இடைவெளியின்றிப் பரந்து கிடந்த ஒற்றைப் பயிரின் அளவை நோக்கியதாகவே வாசிக்கத் தகும். விதி தெளிவாக இருந்தது. இலையில் ஒட்டி நிற்கும் மருந்தும் அதைத் தெளிக்கும் வசதியுமே இல்லாதிருந்தன. செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே 1885இல்தான் வெளியிட்டார்.

அவ்விதிக்கான சோதனை, கோப்பி அழிந்து தேயிலை ஏறிய அதே டிம்புள்ள, டிக்கோயா மலைகளில் பின்னர் நிகழ்ந்தது. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், இதுவும் பங்கசால் வருவதே, தேயிலையின் இளந்தளிரைத் தாக்குவது. தளிரே விளைச்சல் என்பதால் இழப்பும் உடனடியானது. மழையும் மூடுபனியும் இலையை நெடுநேரம் ஈரமாக வைத்திருக்கும் பருவத்தில், குறிப்பாகக் கவ்வாத்து வெட்டிய மலைகளில் புதுத்தளிர் எழும்போது, கொழுந்து பறிக்கும் சுற்றுக்கு இசைய செப்பு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் முறை நிலைபெற்றது, தேயிலை பிழைத்தது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சியாளர்கள் இதை வார்டிடமிருந்து நேரே பெற்றனர் எனச் சொல்வதற்கில்லை, ஏனெனில் முன்காப்பு விதி அதற்குள் உலகப் பொதுச் சொத்தாகியிருந்தது. எனினும், அவ்விதி செயலுக்கு உதவாத வெறும் அறிவு அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இவ்வாசிப்புக்கு எதிராகச் சில தடைகள் எழலாம். இலையின் அடிப்பக்கம் முழுவதும் மருந்து படியச் செய்வது இயலாது என்ற தடை, தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களில் பருவமழைக்கு முன் போர்டோ கலவை அடிக்கப்படுவதைக் கண்டபின் நிற்காது. பிரேசில் கோப்பியால் விலை சரிந்தது பொருளாதார வரலாற்றுக்கு உரிய வினா. அது இவ்வாதத்தைத் தொடாது. 1880களில் பரவிய பச்சைச் செதில் பூச்சியும் அதே செடிகளைத் தாக்கியது என்ற தடை மட்டுமே கவனத்துக்குரியது. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் 1889இல் விவரித்த அப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொரிய, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. அக்கருமை இலையின் மேற்பரப்பில் மட்டும் படிவதால் விரலால் துடைத்தால் அகலும். துரு திசுவைச் சிதைப்பதால் அதன் பொடியைத் துடைத்தாலும் மஞ்சள் புள்ளி அப்படியே நிற்கும். முன்னதற்கு ஒடுக்க வேண்டியது பூச்சியை, பின்னதற்குத் தடுக்க வேண்டியது வித்தியை. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்து காணப்பட்டது, வார்டின் முறை பயனற்றது என்பதைக் காட்டவில்லை. அம்முறையை ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே கையாளும் தேவையையே காட்டுகிறது.

ஆகவே, ஒரு நோயறிதலின் பயனை அது உடனே ஒரு மருந்தைக் கையில் தந்ததா என்று கேட்டு அளப்பது தவறான அளவுகோல். எப்போது, இலையின் எப்பகுதியில், எவ்வுயிருக்கு எதிராகச் செயற்பட வேண்டும் என்பதை அது சொன்னதா என்பதே கேட்கத்தக்க வினா. வார்டின் அறிக்கைகள் இம்மூன்றையும் சொல்லின; மலையகப் பயிர்நோய் வரலாற்றில் அவற்றைத் தோல்வியின் ஆவணமாக வைக்கும் மரபு திருத்தப்பட வேண்டியதாகும்.