காமியோக்காச் சுரங்கத்து நீர்த்தொட்டி

அணுக்கருவிலுள்ள புரோத்தன் என்றேனும் சிதைவடையுமா? யப்பானின் காமியோக்காச் சுரங்கத்தில், 1000 மீற்றர் ஆழத்தில், 3000 தொன் நீர் கொண்ட தொட்டி அமைக்கப்பட்டது இவ்வினாவுக்கு விடைகாணவே. விண்கதிர்களின் தொல்லையைக் குறைப்பதற்காகவே அத்துணை ஆழம் நாடப்பட்டது. 1983 இல் அவதானம் தொடங்கிற்று. சிதைவு ஒன்றேனும் தென்படவில்லை.

எனினும் கொஷிபா மசதோஷி அக்கருவியைக் கைவிட்டாரல்லர். ஞாயிற்றின் நியூத்திரினோ நீரிலுள்ள இலத்திரனை மோதினால் மங்கிய நீலவொளி எழும். சுவரிற் பதித்த ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதனைக் கண்டுகொள்ளும். ஆயின் நீரிற் கலந்த கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களும் அத்தகைய ஒளியைத் தருவன. ஆகவே நீரைத் தூய்தாக்கும் பணியே பெரும்பணியாயிற்று. திருத்திய கருவி 1987 சனவரியில் இயங்கியது.

பெப்ரவரி 23 ஆம் நாள், ஏறத்தாழ 160,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த விண்மீனொன்றின் நியூத்திரினோக்கள் 11, பதின்மூன்று செக்கன்களுக்குள் அங்கு பதிவாயின. கொஷிபா ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்தன! இதனை வெறும் நல்வாய்ப்பு என்பார் உளர். அது பொருந்தாது. நீர் தூய்மையுறாதிருப்பின் அப்பதிவுகளிற் பல பின்னணி ஒளியில் மறைந்திருக்கும். மேலும், அவற்றுட் பெரும்பாலானவை எதிர்நியூத்திரினோக்கள் என்றே கருதப்படுகின்றன. அவை மோதியவை, சிதையாதிருந்த அதே புரோத்தன்களையே.

கொஷிபா 2002 இல் நோபல் பரிசு பெற்றார். 1996 இல் இயங்கத் தொடங்கிய 50,000 தொன் தொட்டி, நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டென்பதற்கு 1998 இற் சான்று தந்தது. புரோத்தனின் சிதைவையும் அத்தொட்டி தேடியே வருகின்றது. அது இன்னும் அகப்படவில்லை.