படத்துக்கு அமரும் முன்: அமெரிக்கப் பள்ளி இறுதியாண்டு ஒளிப்படத்தின் வரலாறு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைச் ‘சீனியர்’ என்பர். அவ்வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலோ, தொடங்கிய சில மாதங்களுக்குள்ளோ, ஒவ்வொரு மாணவரும் தனியே ஒளிப்படத்துக்கு அமர்வது அங்கு நிலைபெற்ற வழக்கம். அப்படம் பள்ளியின் ஆண்டுமலரில் பெயரோடு அச்சாகும். வீட்டுக் கூடத்தில் சட்டமிடப்பட்டுத் தொங்கும். பணப்பையில் அடங்கும் அளவில் படியெடுக்கப்பட்டு, பின்புறம் நாலு வரி எழுதப்பெற்று, நண்பர்களிடையே கைமாறும். ஆகவே அந்த ஒரு நாளுக்கான ஆயத்தங்கள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. முடி திருத்துவது எப்போது, எந்த நிறத்தில் உடை, பல் தெரியச் சிரிப்பதா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவதா என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடக்கும்.

பார்வைக்கு இது பதின்பருவத்தாரின் ஒப்பனை ஆர்வமாகத் தோன்றலாம். இந்த ஆயத்தத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோர்க்கு வேறொன்றும் புலப்படும். மாணவர் கேமராவின் முன் அமர்வதற்குள், அவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. ஒரு காலத்தில் அதை வேதிப்பொருள் முடிவு செய்தது. பின்னர் அச்சகமும், பள்ளி நிருவாகமும், ஃபிலிம் தயாரித்த நிறுவனமும் முடிவு செய்தன. எஞ்சிய சிறு இடத்துக்குள் மாணவர்கள் தம் முகத்தை எப்படி நிலைநாட்டிக்கொண்டனர் என்பதே இவ்வழக்கத்தின் மெய்யான வரலாறு.

பாரிசில் லூயி டாகர் கண்டறிந்த ஒளிப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது பாரிசில் இருந்த அமெரிக்க ஓவியர் சாமுவேல் மோர்ஸ் டாகரை நேரில் சந்தித்துத் திரும்பினார். தந்தியால் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர் இவரே. 1810இல் யேல் கல்லூரியில் தம்மோடு பயின்று தேர்ந்தவர்கள் முப்பதாண்டு நிறைவில் 1840ஆம் ஆண்டு ஒன்றுகூடியபோது, மோர்ஸ் அவர்களைப் படமெடுத்தார். உடன் பயின்றோரைச் சேர்த்தெடுத்த மிகத் தொன்மையான ஒளிப்படங்களுள் அது ஒன்று.

அக்காலத்தில் படத்துக்கு ஆயத்தமாவது உடலை ஒடுக்கிக்கொள்வதாகவே இருந்தது. தகட்டில் உருவம் பதிய நெடுநேரம் அசையாது அமர வேண்டும். தலை ஆடாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி ஒன்று பொருத்தப்படும். நெடுநேரம் ஒரே அளவில் நிலைக்க வைக்க முடியாத புன்னகையைத் தவிர்ப்பதே பாதுகாப்பாக இருந்தது. உடை நிறத்தையும் வேதியியலே விதித்தது. அன்றைய தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைச் சற்றும் ஏற்காமலும் இருந்தமையால், வான்நீல உடை வெளுத்து மறையும். செந்நிற உடை கருத்துத் தோன்றும். வெள்ளை மேனியரின் முகத்திலுள்ள மங்கிய புள்ளிகளும் அடர்ந்து தெரியும். ஒளிப்படக் கலைஞர்கள் கூறிய உடைக் குறிப்புகளுக்குப் பின்னால் நாகரிகத்தோடு இந்தத் தகட்டின் குணமும் இருந்தது.

மாணவர் படத்தை ஒரு தொழிலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கெண்டல் வாரன். டாகர் முறையில் ஒரு முறை எடுத்தால் ஒரே படந்தான் கிட்டும். கண்ணாடி நெகட்டிவ் வந்தபின் ஒன்றிலிருந்து எத்தனை படியும் அச்சிட முடிந்தது. 1850களின் இறுதியிலிருந்து வாரன் இவ்வசதியைக் கல்லூரிகளுக்குக் கொண்டு சென்றார். ஹார்வர்ட், யேல், டார்ட்மத் முதலிய கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் அவரிடம் அமர்ந்தனர். தோழர்களின் படங்களையும் ஆசிரியர்களின் படங்களையும் கல்லூரிக் கட்டடங்களின் காட்சிகளையும் விரும்பியவாறு வாங்கித் தொகுத்துக் கட்டடம் செய்துகொண்டனர். இன்றைய ஆண்டுமலருக்கு இத்தொகுப்புகளே முன்னோடி. ஆயினும் இவை செல்வர் வீட்டு ஆண்மக்களின் தொகுப்புகளாகவே பெரும்பாலும் இருந்தன.

இவ்வழக்கம் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவ இரண்டு மாற்றங்கள் துணைநின்றன. ஒன்று, 1880கள் முதல் பரவிய ‘ஹாஃப்டோன்’ பிளாக் அச்சுமுறை. ஒளிப்படத்தையும் எழுத்தையும் ஒரே தாளில் மலிவாக அச்சிட அது வழி செய்தது. மற்றொன்று, பள்ளிக் கல்வியின் பெருக்கம். 1910இல் அமெரிக்க இளைஞருள் பள்ளியிறுதியை எட்டித் தேறியவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவினரே. 1940இல் இது ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தது. உழவர் மகளும் ஆலைத் தொழிலாளி மகனும் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளியிறுதி கண்டனர். அவர்களுக்கு அந்தப் படம் ஒரு சான்றிதழுக்கு நிகரானது. மின்னசோட்டாவில் 1936இல் பள்ளிப் படங்களுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ‘லைஃப்டச்’ என்னும் பெயரில் நாடெங்கும் பரவிய அந்நிறுவனத்தின் வளர்ச்சி, படம் எடுத்துக்கொள்வது எத்துணைப் பொதுவாகிவிட்டது என்பதைக் காட்டும்.

நூற்றுக்கணக்கானோர் படம் ஒரே மலரில் வரிசையாக அச்சாகும்போது ஒருமைப்பாடு தேவைப்பட்டது. ஒரே அளவு, ஒரே பின்னணி, ஒரே கோணம் என்ற முறை படிப்படியாக உருவாயிற்று. பெண்களுக்குத் தோள் வரை இறங்கும் ‘டிரேப்’ என்ற கருநிறப் போர்வைத்துணியும், ஆண்களுக்குக் கோட்டும் கழுத்து ‘போ’வும் பல பள்ளிகளில் விதியாயின. இவ்வுடைகளைப் படமெடுப்பவரே வைத்திருப்பார். ஒருவர் கழற்றியதை அடுத்தவர் அணிவார். இவ்விதியை ஏளனத்தோடு அணுகுவது பிழை. புத்தாடை வாங்க வழியற்ற வீட்டுப் பெண்ணும் வங்கியாளர் மகளும் அப்பக்கத்தில் வேறுபாடின்றித் தோன்றினர். எழுபதாண்டுகளுக்கு முந்தைய ஒரு மலரைப் புரட்டி யார் வீட்டில் பணமிருந்தது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயினும் அதே துணி, யார் பெண், யார் ஆண், ஒவ்வொருவரும் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்டது.

புன்னகையும் இவ்வாறே விதியாக மாறியது. 1905 முதல் 2013 வரையிலான உயர்நிலைப் பள்ளி ஆண்டுமலர்களிலிருந்து 37,921 முகப்படங்களைத் தொகுத்துக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் கணினியால் ஒப்பிட்டு 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றாண்டின் தொடக்கத்தில் இறுகியிருந்த உதடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மலர்ந்துவருவதை அவர்கள் அளந்து காட்டினர். எக்காலத்திலும் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாகச் சிரித்திருக்கின்றனர் என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஒளிபடும் நேரம் நொடியின் சிறு கூறாகச் சுருங்கியமை மட்டும் இம்மாற்றத்துக்குக் காரணமாகாது. 1900இல் ஒரு டாலருக்கு ‘பிரவுனி’ கேமராவை விற்ற கோடாக் நிறுவனம், படமெடுப்பதை மகிழ்ச்சியோடு பிணைத்துப் பல்லாண்டுகள் விளம்பரம் செய்தது. சிரித்த முகமே நல்ல படம் என்ற எண்ணம் அவ்வாறு வேரூன்றியது என்று பண்பாட்டு ஆய்வாளர் சிலர் கருதுவர்.

கறுப்பின மக்களுக்கோ படத்துக்கு ஆயத்தமாவது வேறொரு பொருளுடையது. அவர்களைக் கோமாளிகளாகவும் குற்றவாளிகளாகவும் வரைந்த கேலிச்சித்திரங்கள் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அறிஞர் டு பாய்ஸ் 363 ஒளிப்படங்களைத் தொகுத்து அனுப்பினார். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டிய அப்படங்களுள் பல, அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் தாமஸ் ஆஸ்க்யூ எடுத்தவை. கஞ்சியிட்ட கழுத்துப் பட்டையும் மடிப்புக் கலையாத உடையும் நேர்கொண்ட பார்வையுமாக அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். பின்னர் டு பாய்ஸ் ஆசிரியராயிருந்த ‘தி கிரைசிஸ்’ இதழ், ஆண்டுதோறும் கல்விச் சிறப்பிதழில் கறுப்பினப் பட்டதாரிகளின் படங்களை வெளியிட்டது. அவ்விதழில் இடம்பெற்ற ஒவ்வொரு முகமும் கேலிச்சித்திரத்துக்கு எதிரான ஒரு சாட்சியம். ஆகவே, அங்குப் படத்துக்கு முந்திய நாள் சட்டையைத் தேய்த்து மடிப்பதுங்கூட அரசியற் செயலாயிற்று.

இதே உறுதியை இரண்டாம் உலகப் போர்க்காலத்து முகாம்களிலும் காணலாம். 1942இல் அமெரிக்க அரசு, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் 1,00,000க்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து அகற்றி முள்வேலிக்குள் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். கலிஃபோர்னியாவின் மன்ஸனார் முகாமில் அடைக்கப்பட்டோருக்குக் கேமரா வைத்திருக்கத் தடை இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்டுடியோ நடத்திவந்த டோயோ மியாடாகே, லென்சு ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து, மரத்தால் கேமரா ஒன்றைச் செய்து படமெடுத்தார். விஷயம் வெளிப்பட்டபின் முகாமின் படக்கலைஞராக இயங்க அவருக்கு இசைவு கிடைத்தது. தொடக்கத்தில் கேமராவை அவர் ஆயத்தப்படுத்தலாம், பொத்தானை அழுத்துவதற்கோ வெள்ளையர் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. அம்முகாமின் உயர்நிலைப் பள்ளி, 1943-44ஆம் கல்வியாண்டுக்கு ‘எங்கள் உலகம்’ என்று பொருள்படும் பெயரில் ஆண்டுமலர் வெளியிட்டது. அதிலும் மாணவர்கள் தலை வாரி, நல்லுடை உடுத்தி, பெயரோடு வரிசையாகத் தோன்றுகின்றனர். நாட்டின் பிற பள்ளி மலர்களிலிருந்து வேறுபாடே தெரியாத பக்கங்கள் அவை. தம்மை அயலாராக நடத்திய நாட்டில் தாமும் சாதாரண மாணவரே என்று சொல்ல அவர்களுக்கு அந்த ஒருமைப்பாடே கருவியாயிற்று.

வண்ணப்படம் வந்தபோது புதியதொரு தடை எழுந்தது. வண்ணங்களைச் சரிபார்க்க 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளையினப் பெண். முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்டது. அவர் மேனி நிறம் சரியாக அச்சானால் எல்லாம் சரி என்பது கணக்கு. 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபின், கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒரே சட்டகத்தில் அமர்ந்தனர். வெள்ளையர் முகம் தெளிவாகவும், கறுத்த முகம் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதாகவும் பதிந்தது. தாய்மார் முறையிட்டனர் என்று இத்துறையில் ஆராய்ந்த கனடிய அறிஞர் லோர்னா ராத் எழுதுகிறார். ஆனால் மரச்சாமான், சாக்லேட் விளம்பரதாரர்கள் பழுப்பு நிறச் சாயல்கள் பதியவில்லை என்று குறைகூறியபின்னரே ஃபிலிமின் தன்மையை மாற்றும் முயற்சி வலுப்பெற்றது என்று கோடாக்கில் பணியாற்றியவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர். எத்தனை கவனமாக உடுத்தி வந்தாலும், அந்த மாணவரைப் பார்க்க ஃபிலிம் ஆயத்தமாயிருக்கவில்லை.

உடை விதியை எதிர்த்த குரல் நீதிமன்றம் வரை சென்றது. மிசிசிப்பி மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு ஒரு மாணவி, பெண்களுக்குரிய போர்வைத்துணியை மறுத்து, ஆண்களுக்குரிய கோட்டு அணிந்து இறுதியாண்டுப் படத்துக்கு அமர்ந்தார். 2010இல் வெளிவந்த மலரின் இறுதியாண்டுப் பகுதியில் அவர் படமும் இல்லை, பெயரும் இல்லை. பன்னிரண்டாண்டு படித்த தடயமே அப்பகுதியிலிருந்து நீங்கியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமைச் சுதந்திரச் சங்கம் அவர் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2011 இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இனி ஆண், பெண் இருபாலரும் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்தே படத்துக்கு அமர்வர் என்று முடிவாயிற்று. ஓர் ஒருமைப்பாட்டின் கொடுமையை நீக்க மற்றோர் ஒருமைப்பாடே தீர்வாக வந்தது என்பது எண்ணத்தக்கது.

இன்று பள்ளி எடுக்கும் படத்தோடு, தனிக் கலைஞரை அமர்த்தி ஆற்றங்கரையிலும் கோதுமை வயலிலும் படமெடுத்துக்கொள்வதும் பெருகியுள்ளது. கால்பந்து உடை, கிட்டார், வளர்ப்பு நாய் எனத் தத்தம் விருப்பத்துக்குரியவற்றோடு மாணவர்கள் தோன்றுகின்றனர். தம் முகத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை இங்கு மிகுதி. அதற்கான விலையும் மிகுதி. போர்வைத்துணி மறைத்த வர்க்க வேறுபாடு வயல்வெளியில் மீண்டும் வெளிப்படுகிறது.

ஆகவே ஒருமைப்பாடா, தனித்தன்மையா என்று கேட்டு ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள இவ்வரலாறு இடந்தரவில்லை. ஒரே துணி ஏழையைக் காத்தது, வேறுபட்டவரை விலக்கியது. முள்வேலிக்குள் இருந்தவருக்கு அது கண்ணியம். மிசிசிப்பி மாணவிக்கு அது தடை. பதினேழு வயதில் ஒருவர் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்வது சிறு செயலே. ஐம்பது ஆண்டுகள் கழித்து அம்மலரைத் திறப்பவர், அவ்வூரில் யார் யார் படித்தனர், யார் எவ்வாறு நினைவுகூரப்பட விரும்பினர் என்பதை அந்தச் சிறு செயலிலிருந்தே அறிந்துகொள்வார். அப்பக்கத்தில் யாருக்கு இடமில்லாமற் போயிற்று என்பதையும் சேர்த்துக் கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை.