வளரும் மனப்பாங்கு

வளரும் மனப்பாங்கு என்பது, அறிவும் திறமையும் முயற்சி, நல்ல வழிமுறை, பிறர் உதவி ஆகியவற்றால் பெருகக்கூடியவை என்னும் நம்பிக்கை. திறமை பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது என்று எண்ணுவது நிலைத்த மனப்பாங்கு. இக்கோட்பாட்டை வகுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கேரல் டுவெக் (பிறப்பு 1946). 2006-இல் வெளியான அவருடைய ‘மைண்ட்செட்’ நூல் இதைப் பரவலாக அறியச் செய்தது. ஒருவரிடமே இரண்டும் இருக்கலாம்: ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவுகட்டியவர் சமையலையோ இசையையோ பொறுமையாகப் பழகிக்கொள்வார்.

பின்னணி

நுண்ணறிவுச் சோதனையை 1905-இல் உருவாக்கிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, நுண்ணறிவு மாறாத அளவு என்ற கருத்தை 1909-இல் எழுதிய நூலில் மறுத்தார். 1967-இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தப்பமுடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடந்ததைக் கண்டனர். தோல்வி கண்டதும் துவண்டுவிடும் குழந்தைகளும் இதுபோலவே முயல்வதை ஏன் கைவிடுகிறார்கள் என்ற கேள்வியை டுவெக் எழுப்பினார். அவருடைய 1975 ஆய்வில், எளிதான கணக்குகளில் வெற்றி மட்டுமே பெற்றுவந்த குழந்தைகள் அடுத்த தோல்வியில் மீண்டும் தளர்ந்தனர். தோல்விக்குக் காரணம் திறமைக் குறைவல்ல, முயற்சிக் குறைவே என்று பயிற்றப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தனர்.

செயல்படும் விதம்

ஒருவர் தோல்விக்குத் தரும் பொருளை அவருடைய மனப்பாங்கு மாற்றுகிறது. திறமை மாறாதது என்று நம்புபவருக்கு ஒவ்வொரு தேர்வும் தன்மீதான தீர்ப்பு. ஆகவே கடினமானதைத் தவிர்ப்பார். சந்தேகம் கேட்கத் தயங்குவார். பாடுபட வேண்டியிருப்பதையே தன் குறைக்குச் சான்றாகக் கொள்வார். திறமை வளரும் என்று நம்புபவர், தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவார்.

பாராட்டும் இதில் பங்கு பெறுகிறது. கிளாடியா மியூலரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் சில புதிர்களை விடுவித்ததும், அவர்களில் சிலரை ‘கெட்டிக்காரர்’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினர். பின்னர் கடினமான புதிர்களில் அனைவரும் தடுமாறினர். இறுதியில் முதலில் தந்ததைப் போன்ற புதிர்கள் தரப்பட்டன. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தனர். கெட்டிக்காரர் எனப்பட்டவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தனர்.

மாற்றும் முயற்சிகள்

நியூயார்க்கில் 91 ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் லிசா பிளாக்வெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. இரு பிரிவினரும் படிக்கும் முறைகளைக் கற்றனர். ஒரு பிரிவினர் மட்டும், கற்கும்போது மூளையில் புதிய இணைப்புகள் உருவாவதையும் கற்றனர். சரிந்துவந்த கணித மதிப்பெண்கள் இவர்களிடம் மீண்டன. மற்றவர்களிடம் சரிவு தொடர்ந்தது.

டேவிட் யேகர் தலைமையில் 65 அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2019-இல் வெளியானது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளியைச் சுமார் 0.1 உயர்த்தியது.

விமர்சனமும் வரம்புகளும்

பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, ஒட்டுமொத்தப் பயன் சிறியதே என்றும், வறுமையிலோ படிப்பில் பின்தங்கியோ இருக்கும் மாணவர்களுக்கு அது கூடுதலாக இருக்கலாம் என்றும் கூறியது. கற்றல் நிகழாதபோதும் முயற்சியை மட்டும் புகழ்வது தம் கோட்பாடு அல்ல என்று டுவெக் 2015-இல் எச்சரித்தார்.

சூழலும் முக்கியம். கணித ஆசிரியரும் திறமை வளரும் என்று நம்பிய வகுப்புகளில்தான் பயிற்சியின் பலன் மதிப்பெண்ணில் தெரிந்தது என யேகர் குழுவினர் 2022-இல் காட்டினர். எனவே மனத்தை மாற்றும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. தவறைத் திருத்தி மறுபடி எழுத வாய்ப்பளிக்கும் ஆசிரியர், கேள்வி கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காத வகுப்பு, மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடாத வீடு ஆகியவை அமையும்போதே அந்த நம்பிக்கை நிலைக்கும்.