துப்பாக்கி மறைத்த பெண்கள்

ஓர் இயக்கத்தின் வரலாற்றைக் குற்றக் கதையாகச் சொன்னால் அதில் யார் மிஞ்சுவார்கள், யார் காணாமல்போவார்கள்? இந்த நினைவுரையில் நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

2017இல் பிரிட்டனில் 'கெரில்லா' என்னும் ஆறு பகுதித் தொடர் ஒளிபரப்பானது. உருவாக்கியவர் ஜான் ரிட்லி, அமெரிக்கக் கறுப்பினத்தவர். கதை நடப்பது 1971இன் லண்டனில். மார்கஸ் என்ற கறுப்பின இளைஞரும் ஜாஸ் மித்ரா என்ற இந்தியப் பெண்ணும் அரசியல் கைதி ஒருவரை மீட்டு ஆயுதக் குழுவாகிறார்கள். காவல்துறையின் சிறப்புப் பிரிவு அவர்களைத் துரத்துகிறது.

அதே 1971இல் லண்டனில் உண்மையில் நடந்தது என்ன? நாட்டிங் ஹில்லில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய 'மாங்குரோவ்' உணவகம் கறுப்பின மக்கள் கூடும் இடமாக இருந்தது. ஒன்றரை ஆண்டுகளில் காவலர்கள் அங்கே 12 முறை சோதனை நடத்தினார்கள். அதை எதிர்த்து 1970 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 150 பேர் ஊர்வலம் சென்றார்கள். ஒன்பது பேர்மீது கலவர வழக்குப் போடப்பட்டது. ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 55 நாள் விசாரணை நடந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் அல்தியா ஜோன்ஸ்-லகாயிண்ட். டிரினிடாடிலிருந்து உயிர்வேதியியல் ஆய்வுக்காக வந்தவர். பிரிட்டிஷ் பிளாக் பேந்தர் இயக்கத்தின் தலைவர். அவரும் டார்கஸ் ஹோவும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதாடினார்கள். கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டார்கள். இரு தரப்பிலும் இனவெறுப்புக்குச் சான்று இருந்ததாக நீதிபதியே சொல்ல வேண்டிவந்தது.

தொடரில் அல்தியாவைப் போன்ற ஒருவர் கதையின் நடுவில் இல்லை. முக்கியக் கறுப்பினப் பெண் பாத்திரங்களில் ஒருவர் காவல் அதிகாரிக்குத் தகவல் கொடுப்பவர். இது ஏன் என்று முதல் திரையிடலிலேயே பார்வையாளர்கள் கேட்டார்கள். இந்தியப் பெண்ணைக் காட்டியது பொய் அல்ல. மாலா சென் அந்த இயக்கத்தில் இருந்தவர்தான். ஒருவரைச் சேர்ப்பதற்கு இன்னொருவரை ஏன் அழிக்க வேண்டும் என்பதே கேள்வி.

பதில் கதை வடிவத்திலும் இருக்கிறது. குற்றத் தொடருக்குத் துப்பாக்கி வேண்டும், துரத்தல் வேண்டும். துண்டறிக்கை அச்சடித்தவர்களும் கூட்டம் கூட்டியவர்களும் நீதிமன்றத்தில் காவலரைக் குறுக்கு விசாரணை செய்தவர்களும் அதற்குத் தேவைப்படுவதில்லை. அரசு தோற்ற வழக்கு மறைகிறது. அரசு துரத்தும் குற்றவாளி மட்டும் நிற்கிறார். 2020இல் ஸ்டீவ் மெக்வீன் 'மாங்குரோவ்' படத்தை எடுத்தபோது அந்த நீதிமன்றமும் அல்தியாவும் திரைக்கு வந்தார்கள். ஆகவே அது முடியாத காரியம் அல்ல.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமெரிக்கப் பிளாக் பேந்தர்களைப் பார்த்துத்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். நாமதேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி. பவார் என்று நாம் ஒப்பிப்பவை ஆண்களின் பெயர்கள். 1942இல் நாக்பூரில் தலித் மகளிர் மாநாட்டுக்குத் தலைமை வகித்த சுலோசனாபாய் டோங்ரேயை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்பேத்கர் இயக்கப் பெண்களை நேரில் தேடிச் சென்று, அவர்கள் சொன்னதைக் கேட்டு, 1989இல் மராத்தியில் நூலாக்கினார்கள் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும்.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே. நம் ஊர்களில் போராட்டங்களை நடத்திய பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, அவர்களிடம் செல்லுங்கள், கேட்டு எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் காவல் நிலையக் கோப்பு மட்டுமே நம் வரலாறாக மிஞ்சும். நாளைய தொடர்களும் அதிலிருந்துதான் எடுக்கப்படும்.