முகத்தாட்சணியமும் வாணிபமும்: படிநிலை விற்பனையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழில் ‘முகத்தாட்சணியம்’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்முன்னே வந்து நின்று ஒன்றைக் கேட்கும்போது, மறுக்க விரும்பியும் மறுக்க இயலாது நாம் படும் இடர்ப்பாட்டினை அது குறிக்கும். இதற்கு அண்மையான பண்பொன்றினை வள்ளுவர் ‘கண்ணோட்டம்’ என வழங்கி, அதற்கென ஓர் அதிகாரத்தையும் வகுத்தார். அதனை அரசனுக்குரிய குணங்களுள் ஒன்றாகப் பொருட்பாலில் வைத்த அவர், அக்குணத்தையே மூலதனமாகக் கொண்டு பொருளீட்டும் தொழில்முறையொன்று பின்னாளில் தோன்றுமென எண்ணியிருக்கமாட்டார். நண்பர், உறவினர், அயலவர் ஆகியோரிடம் பொருளை விற்பதோடமையாது, அவர்களையும் விற்பனையாளராகச் சேர்த்து, அவர்தம் விற்பனையிலும் பங்கு பெறுகின்ற அத்தொழில்முறை இன்று படிநிலை விற்பனை, வலைப்பின்னல் விற்பனை என்னும் பெயர்களால் வழங்குகின்றது.

இதுபற்றி நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் எச்சரிக்கைகளாகவே அமைகின்றன. மோசடிக்காரரிடம் ஏமாறாதீர் என்பதே அவற்றின் சாரம். ஆயின் நமது படலையைத் திறந்துகொண்டு வருபவர் மோசடிக்காரர் அல்லர். நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தாம் கூறுவதைத் தாமே முழுமையாக நம்புபவர். அவரை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினாவுக்கு அவ்வெச்சரிக்கைகளில் விடை கிடைப்பதில்லை. அவர் நம்மிடம் வந்து சேர்ந்த வழியை வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழக்கமுள்ளவரிடம் பண்டம் விற்பது புதிய செயலன்று. புதிதாயிருப்பது அப்பழக்கத்தையே ஒரு நிறுவனம் திட்டமிட்டுப் பயன்படுத்தியமையாகும். 1886ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் புத்தக விற்பனையாளராயிருந்த டேவிட் மக்கொனல், பிற்காலத்தில் ஏவன் எனப் பெயர்பெற்ற வாசனைத்திரவியக் கம்பனியைத் தொடக்கியபோது, ஊர் ஊராகச் செல்லும் ஆடவரை விடுத்து, தத்தம் ஊரிலேயே வாழும் பெண்களை முகவராக்கினார். அந்நியனுக்குத் திறவாத கதவு அயல்வீட்டுப் பெண்ணுக்குத் திறக்கும் என்பது அவருக்கு நன்கு விளங்கியிருந்தது. எனினும் அக்காலத்தில் கதவைத் தட்டுபவர் விற்பனையாளராகவே தட்டினார். உள்ளிருந்தவரும் அவரை விற்பனையாளராகவே அறிந்து திறந்தார்.

இவ்வேறுபாடு மங்கத் தொடங்கியது வீட்டு விருந்து முறையிலேயாம். ஏர்ள் டப்பர் என்பவர் பொலித்தீனாலான, காற்றுப்புகாத மூடியுடைய பாத்திரங்களை 1946ஆம் ஆண்டளவில் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடைகளில் அவை விலைபோகவில்லை. அம்மூடியை எவ்வாறு அழுத்தி மூடுவதென வாங்குவோர் அறிந்திலர். டெற்றொயிற் நகரில் செயலாளராகப் பணிபுரிந்தவரும், மணவிலக்குப் பெற்று ஒரு மகனைத் தனியே வளர்த்தவருமான பிறவுணி வைஸ் என்னும் பெண்மணி, அப்பாத்திரங்களை வீட்டு விருந்துகளில் விற்று வியக்கத்தக்க வெற்றி கண்டார். பாத்திரத்தில் நீரை நிரப்பி, மூடி, அறையின் குறுக்கே வீசியெறிவது அவரது வழக்கம். நீர் சிந்தாது, விருந்தினர் ஆரவாரிப்பர். 1951ஆம் ஆண்டில் டப்பர் தம் பாத்திரங்களைக் கடைகளிலிருந்து முற்றாக அகற்றி, விற்பனைப் பொறுப்பு முழுவதையும் வைஸிடம் ஒப்படைத்தார்.

அவ்விருந்தின் அமைப்பை நுணுகி நோக்குதல் தகும். அழைப்பவர் நிறுவனத்தினர் அல்லர். வீட்டுக்காரியே தன் தோழியரை அழைக்கிறாள். சிற்றுண்டியும் தேநீரும் அவளுடையவை. விற்பனைக்கேற்ப அவளுக்கு ஒரு பரிசு கிடைக்கும் என்பது வந்திருப்போர் அனைவருக்கும் தெரியும். ஆகவே பாத்திரத்தை வாங்காது எழுந்து செல்பவள் பாத்திரத்தை மறுப்பவளாகாள்; தான் உண்ட பலகாரத்தையும் அதை இட்ட கையையும் மறுத்தவளாகின்றாள். இத்தகைய விருந்துகளைப் பற்றிப் பின்னர் அமெரிக்க ஆய்வாளர் நிகழ்த்திய ஆய்வொன்று, பொருளின்மீதுள்ள விருப்பத்தினும் அழைத்தவள்மீதுள்ள உறவே வாங்குதலைக் கூடுதலாகத் தீர்மானித்ததெனக் கண்டது. தாட்சணியம் என்னும் சொல்லை அறிந்த சமுதாயத்துக்கு இம்முடிபு வியப்பளியாது.

இன்னொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. போரின்போது தொழிற்சாலைகளில் உழைத்துப் பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் பெண்களுக்கு, கணவரின் சினத்துக்கு ஆளாகாமல் நாலு காசு ஈட்ட இவ்விருந்துகள் வழி செய்தன. வைஸ் 1954ஆம் ஆண்டில் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்ணானார். 1958இல் அவர் திடீரென வேலைநீக்கம் செய்யப்பட்டார். தாம் வளர்த்த கம்பனியில் அவருக்குப் பங்கு எதுவும் இருக்கவில்லை. அதே ஆண்டில் டப்பர் தம் கம்பனியைப் பெருந்தொகைக்கு விற்றார். நட்பை மூலதனமாக்கும் தொழிலில் இலாபம் யாரைச் சென்றடையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றினை யான் அறியேன். அக்கம்பனி 2024ஆம் ஆண்டில் கடனிறுக்க இயலாமையால் நீதிமன்றத்தை நாடியது.

விருந்து முறையில் நண்பர் வாங்குபவராகவே இருந்தார். அவரை விற்பவராக்கி, அவருக்குக் கீழ் வேறொருவரையும் சேர்க்கும் திட்டம் கலிபோர்னியாவில் உருவாயிற்று. சீனாவில் அமெரிக்கக் கம்பனிகளுக்காகப் பணிபுரிந்து, சங்காயில் உணவுத் தட்டுப்பாட்டை அனுபவித்து மீண்ட கார்ல் றென்போர்க், 1934ஆம் ஆண்டில் விற்றமின் கம்பனியொன்றை நிறுவினார். 1939இல் அது நியூட்றிலைற் எனப் பெயர் மாறிற்று. 1945இல் லீ மிற்றிஞ்சர், வில்லியம் கசல்பெரி என்னும் இருவர் அதன் விற்பனை உரிமையைப் பெற்றனர். முன்னவர் இடுகாட்டு நிலம் விற்றவர், பின்னவர் உளவியலாளர். இவ்விரு தொழில்களும் ஒன்றுகூடியமை தற்செயலாயினும் பொருத்தமானதே. குறித்த தொகையான வாடிக்கையாளரைப் பெற்ற விற்பனையாளர் புதியவர்களைச் சேர்க்கலாம், சேர்க்கப்பட்டவர் விற்பனையிலும் ஒரு விழுக்காட்டைப் பெறலாம் என இவர்கள் விதி வகுத்தனர். அம்மாத்திரைகள் தீராத நோய்களையெல்லாம் தீர்க்குமென விற்பனையாளர் வீடுவீடாகக் கூறிவர, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பொருள்களைக் கைப்பற்றியது. அவ்வழக்கு 1950இல் உயர்நீதிமன்றம்வரை சென்றது; 1951இல் அக்கூற்றுகளுக்கு எல்லை வகுக்கப்பட்டது. கம்பனி அச்சிட்டதைத் தடைசெய்யலாம். சமையலறையில் தோழி தோழிக்குச் சொல்வதை எந்த நீதிமன்றம் தடுக்கும்?

மிச்சிக்கன் மாநிலத்தில் டச்சு மரபினரான றிச்சர்ட் டிவோஸ், ஜே வான் அண்டெல் என்போர் பள்ளித் தோழர்கள். அவர்தம் நட்புத் தொடங்கியது வான் அண்டெலின் காரில் பள்ளிக்குச் செல்ல டிவோஸ் வாரந்தோறும் 25 சதம் கொடுத்தபோதாம். 1949ஆம் ஆண்டில் அவ்விருவரையும் நியூட்றிலைற் விற்பனையில் சேர்த்தவர் வான் அண்டெலின் உறவினர் ஒருவரே. உறவினால் உள்நுழைந்த இருவர் உறவினாலேயே ஒரு பேரரசைக் கட்டினர். தாய்க் கம்பனியில் பிணக்கு மூண்டபோது, 1959இல் தம் வீட்டு நிலவறைகளில் அவர்கள் தொடங்கிய அம்வே, சவர்க்காரத்தோடு ‘சொந்தத் தொழில்’ என்னும் கனவையும் விற்றது. 1972இல் நியூட்றிலைற்றே அதன் கைக்கு வந்தது.

அறுபதுகளின் இறுதியில் இம்முறை வெறிகொண்டது எனலாம். புளோரிடாவில் கிளென் ரேணர் என்பவர் 1967இல் தொடக்கிய கொஸ்கொற் என்னும் அழகுப்பொருட் கம்பனியில், பொருளை விற்பதைவிட விற்பனை உரிமையை விற்பதே முதன்மையாயிற்று. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1975இல் அதனைச் சட்டவிரோதமெனத் தீர்த்தபோது ஒரு வரைவிலக்கணத்தையும் தந்தது: பணம் செலுத்திச் சேர்பவர், பொருளை நுகர்வோருக்கு விற்பதோடு தொடர்பின்றி, பிறரைச் சேர்ப்பதற்காகவே ஊதியம் பெறுவாராயின் அது கூம்பகத் திட்டம். அதே ஆணைக்குழு 1979இல் அம்வே அத்தகைய திட்டமன்று எனக் கூறியது. வாங்கிய சரக்கில் 70 விழுக்காட்டை விற்ற பின்னரே மேலும் வாங்கலாம், மாதந்தோறும் பத்து நுகர்வோருக்கேனும் விற்றல் வேண்டும், விலகுவோரின் சரக்கைத் திருப்பி ஏற்றல் வேண்டும் என்னும் அக்கம்பனியின் விதிகள் அதனைக் காத்தன. விதி ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறையில் இருப்பதற்குமிடையேயுள்ள தொலைவை அத்தீர்ப்புப் போதிய அளவு அளக்கவில்லை என்பது என் கருத்து. 1982இல் விஸ்கொன்சின் மாநிலம் தொடுத்த வழக்கிலே, அம்மாநிலத்தில் அக்கம்பனியின் மேற்படியை எட்டியிருந்த விற்பனையாளரின் வரிக்கணக்குகளை ஆராய்ந்தபோது, செலவு போக அவர்கள் சராசரியாக நட்டமே அடைந்திருந்தனர் எனக் காணப்பட்டது.

கணிதம் இங்கு எளிது. ஒருவர் அறுவரையும், அவ்வறுவரில் ஒவ்வொருவரும் அறுவரையும் சேர்ப்பதாகக் கொள்வோம். ஒன்பதாம் படியில் 1,00,77,696 பேர் நிற்பர். பத்தாம் படிக்கு 6,04,66,176 பேர் வேண்டும். அது இலங்கையின் சனத்தொகையைப் போல் இரு மடங்கினும் கூடியது. பதின்மூன்றாம் படிக்கு உலகத்தார் அனைவரும் போதார். எப்படியில் நிறுத்திக் கணக்கிடினும், சேர்ந்தோரில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியிலேயே நிற்பர். அவர்களுக்குக் கீழே எவரும் இரார். இக்கணக்கை நண்பருக்குக் காட்டி அவரை மீட்டுவிடலாமென எண்ணுவோர் உளர். அனுபவத்தில் அது பயனளிப்பதில்லை. அவர் ஆறில் ஒரு பங்கினராகத் தம்மை எண்ணியே சேர்ந்திருக்கிறார்.

சீனத்தின் வரலாறு இன்னுங் கடுமையானது. 1990ஆம் ஆண்டில் அங்கு நுழைந்த நேரடி விற்பனை, சில ஆண்டுகளிலேயே எண்ணற்ற உள்ளூர்க் கூம்பகங்களாகப் பெருகிற்று. அரசு 1998இல் எல்லாவற்றையும் ஒருசேரத் தடைசெய்தது; 2005இல் உரிமம் பெற்ற நேரடி விற்பனையை அனுமதித்து, படிப்படியாக ஆள் சேர்ப்பதைத் தொடர்ந்தும் தடுத்தது. அக்காலத்தில் ‘ஷா ஷு’ என்னும் தொடர் சீனரிடையே பெரிதும் வழங்கலாயிற்று. அறிமுகமானவரைக் கொல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். நம்பியவரையே ஏமாற்றுதல் என்பது கருத்து. ஒரு மொழி இதற்கெனச் சொல்லொன்றை வேண்டி நின்றதென்றால், அங்கு அழிந்தது பணம் மாத்திரமன்று.

நம் நாட்டுக்கு வருவோம். உறவுக்குள் பணம் புழங்குவது நமக்குப் புதிதன்று. ஊரிலே பெண்கள் பிடிக்கும் சீட்டு அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இருபது பேர் சேர்ந்தால் இருபது மாதத்தில் அது முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. ஏலச்சீட்டாயின் அவசரமுள்ளவர் கழிவு கூறி முன்னதாக எடுப்பார். அக்கழிவு மற்றவர்க்குப் பகிரப்படும். சீட்டைப் பிடிப்பவர் ஓடிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டாயினும், அது நம்பிக்கைத் துரோகமேயன்றிச் சீட்டின் இயல்பன்று. சீட்டுக்குப் புதிய ஆள் தேவையில்லை. கூம்பகமோ புதிய ஆள் வராத அன்றே சரியும். வட்டத்துக்கும் கூம்பகத்துக்குமுள்ள இவ்வேறுபாட்டை, சீட்டுப் பிடித்தறிந்த நம் பெண்கள் பொருளியல் கற்ற நம்மினும் விரைவில் உணர்கின்றனர்.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்துக்கு 2005இல் செய்யப்பட்ட திருத்தம் கூம்பகத் திட்டங்களைத் தடைசெய்தது. பங்குபற்றுவோர் பணம் செலுத்த, அவர் பெறும் நன்மை பெரும்பாலும் பங்குபற்றுவோரின் தொகை பெருகுவதிலேயே தங்கியிருக்குமாயின், அத்திட்டத்தைத் தொடங்குவதும் நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். ‘ஊக்குவித்தல்’ என்னும் சொல் கவனிக்கற்பாலது. கீழ்ப்படியில் நின்று நட்டமடையும் நண்பரே, தம் மைத்துனரைச் சேர்க்கும்போது சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகக்கூடும். இதனை அவருக்குச் சொல்பவர் பெரும்பாலும் எவருமிலர்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வேலையிழந்த என் பள்ளித் தோழர் ஒருவர், நெடுநாட் பின்னர் என்னைத் தேடி வந்தார். நலம் விசாரித்து முடியுமுன்னரே ஒரு தாளை விரித்து வட்டங்கள் வரைந்தார். “மச்சான், உனக்கு விக்க வரேல்லை, உன்னையும் மேலை கொண்டு போகத்தான் வந்தனான்” என்றார். அவ்வசனம் அவருடையதன்று என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. தாயாரின் சங்கிலியை அடைவு வைத்தே அவர் முதற் சரக்கை வாங்கியிருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அன்று யான் செய்தது, முகத்தாட்சணியத்துக்காக இரண்டு போத்தல் மாத்திரைகளை வாங்கியமையே. அது பிழை. அவரது குறிப்பேட்டில் அது நட்பாக அன்றி வெற்றியாகவே பதியப்பட்டது. அடுத்த நாள் அவ்வெற்றியைக் காட்டியே இன்னொரு தோழரிடம் சென்றார்.

இரண்டாம் முறை வந்தபோது, வாங்கவுமாட்டேன், சேரவுமாட்டேன், பணம் தேவையாயின் கைமாற்றாகக் கேள் என்றேன். வைஸின் விருந்து தொட்டு இத்தொழிலின் சூட்சுமம் முழுவதும் உதவியையும் கொள்வனவையும் பிரித்தறிய முடியாதவாறு பின்னிவைப்பதிலேயே தங்கியுள்ளது என்பது அப்போது எனக்கு ஓரளவு விளங்கியிருந்தது. அவ்விரண்டையும் பிரித்து அவர் முன் வைக்கவே முயன்றேன். அவர் மனம் நொந்து எழுந்து போனார். எட்டு மாதங்கள் எம்மிடையே பேச்சிருக்கவில்லை. பின் ஒருநாள் மாலை வந்து, சங்கிலியை மீட்க வேண்டுமெனக் கூறி நாற்பதினாயிரம் ரூபா கேட்டார். கொடுத்தேன். மறு ஆண்டில் அவரது மனைவி அயலில் பிடித்த சீட்டு விழுந்தபோது அதனை முழுவதுமாகத் திருப்பித் தந்தார். பணத்தை எண்ணி மேசையில் வைத்தவர், எதிரேயிருந்த அலுமாரியில் அவ்விரு போத்தல்களும் உடைக்கப்படாமல் நிற்பதைக் கண்டார். அவற்றின் காலாவதித் திகதி கடந்திருந்தது. அவரும் ஒன்றும் கூறவில்லை. யானும் தேநீர் ஊற்றச் சென்றேன்.