அழித்தெழுதிய கொப்பி

புதிய தவணை தொடங்கப் போகிறது. புத்தகக் கடைகளில் சனம் நிறைந்து நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். கொப்பி, பேனை வாங்கப் போகும் முன் ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

2022 ஆம் ஆண்டு. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த காலம். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எல்லாப் பாடத்தையும் பென்சிலாலேயே எழுதி வந்தாள்.

"ஏன் மகள், பேனை இல்லையா?"

"பேன இரிக்கு சேர். கொப்பி முடிஞ்சா அழிச்சிட்டுத் திரும்ப எழுதலாமென்டு உம்மா சொன்ன."

வாங்கிப் பார்த்தோம். அழித்த கணக்கின் தடம் மங்கலாகத் தெரிய, அதன் மேல் வரலாற்றுப் பாடம் எழுதியிருந்தாள். பாடத்துக்கொரு பெரிய கொப்பி, ஊற்றுப்பேனைதான் வேண்டும் என்று வருடத் தொடக்கத்தில் பட்டியல் கொடுத்தவர்கள் நாங்களேதான். அந்த வெட்கத்தில்தான் இந்தப் பொருட்களின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் எழுத்துத் தெரியும். புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும். அதனால் பழைய சுவடிகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இராது. வாசிப்பவர்தான் இடமறிந்து புரிந்துகொள்ள வேண்டும். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில் எழுதும் பொருளுக்கும் பங்குண்டு.

பக்தாதிலும் அப்படித்தான். 10 ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் வஸீராக இருந்த இப்னு முக்லா, நாணற்பேனையின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக வைத்து அரபு எழுத்துகளின் அளவுகளை வகுத்தார். அரசியல் பகையில் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. 940 இல் சிறையிலேயே இறந்தார். அவர் வகுத்த அளவுமுறையை அரபு எழுத்தணிக் கலை இன்றும் விடவில்லை.

அதே நூற்றாண்டில் ஃபாத்திமிய கலீஃபா அல்-முஇஸ், மையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், கையைக் கறைப்படுத்தாத பேனை ஒன்றைச் செய்யச் சொன்னார் என்று காழி நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது அரசரின் கைக்கு வந்த பேனை. சாதாரண பிள்ளையின் கைக்கு அப்படியொன்று வர ஏறக்குறைய ஆயிரம் வருடம் பிடித்தது.

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் தொழிற்சாலைகள் உருக்கு முனைகளை மலிவாகச் செய்து குவித்தன. அதையும் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டுத்தான் எழுத வேண்டும். 1884 இல் அமெரிக்காவில் வோட்டர்மன் ஊற்றுப்பேனைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஹங்கேரியப் பத்திரிகையாளர் பீரோ, அச்சு மை சீக்கிரம் காய்வதைக் கவனித்து, தடித்த மையையும் சுழலும் குண்டையும் சேர்த்து 1938 இல் குமிழ்முனைப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். யூதர் என்பதால் நாட்டைவிட்டு ஓடி ஆர்ஜென்டீனாவில் தஞ்சம் புகுந்தார். 1945 இல் நியூயோர்க்கில் குமிழ்முனைப் பேனை விற்பனைக்கு வந்தபோது விலை 12 டொலர் 50 சதம். ஐந்து வருடத்தில் பிரான்ஸில் பிக் நிறுவனம் அதை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது.

அந்தப் பிரான்ஸிலேயே பள்ளிக்கூடங்களில் அதற்கு அனுமதி கிடைத்தது 1965 இல்தான். கையெழுத்துக் கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள். இதே சொல்லை எங்கள் ஆசிரியர்களும் சொன்னார்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதில் உண்மையில்லாமல் இல்லை. குமிழ்முனையை அழுத்தித்தான் எழுத வேண்டும். சின்ன விரல்கள் சீக்கிரம் வலிக்கும். ஆனால் மெல்லிய தாள் கொப்பியில் ஊற்றுப்பேனையால் எழுதினால் மை மறுபக்கம் ஊறி, பாதிக் கொப்பி வீணாகும். பிள்ளை வாங்கக்கூடிய கொப்பிக்கு எந்தப் பேனை பொருந்தும் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கடதாசிக்கும் நம் மண்ணில் ஒரு கதை உண்டு. 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. வயலில் மிஞ்சியது எழுதும் தாளானது. யுத்தமும் நட்டமும் அதைப் பல வருடம் முடக்கிப் போட்டன. 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். கொப்பிக்கும் பேனைக்கும் பெரும்பாலும் உம்மா வாப்பாதான் காசு தேட வேண்டும். ஆகவே நாங்கள் பட்டியலில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டின் செலவு.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவை சில. சிறிய பாடங்கள் இரண்டுக்கு ஒரே கொப்பி, முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. போன வருடக் கொப்பிகளின் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்தால் பயிற்சிக் கொப்பி. எந்தப் பேனையும் சரி, அழுத்தாமல் ஓடினால் போதும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு வரி எழுதிப் பாருங்கள். மை ஊறுகிறதா என்று வீட்டில் கடைசிப் பக்கத்தில் சோதித்துவிட்டு முதற்பக்கத்தைத் தொடங்குங்கள். கணக்குக்குச் சதுரக் கோடு, சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு இரட்டைக் கோடு, இவற்றை மட்டும் மாற்ற வேண்டாம்.

சக ஆசிரியர்களே, இந்த வருடப் பட்டியலைக் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை கடைக்குப் போய் அதன் மொத்த விலையைக் கூட்டிப் பாருங்கள். பிறகு கொடுங்கள்.